பதறாமல் கிளம்பி வா

எங்கள் ஊரில் யாரும் தொலைபேசியில் சாவதில்லை. இதைச் சென்னையில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். வெளியூரில் இருப்பவனிடம் சாவுச் செய்தியை நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். வழியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அதனால் ‘உடம்பு சரியில்ல’ என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘கொஞ்சம் சீரியஸா இருக்கு’ என்றால் ஆள் போயாகிவிட்டது. கூடவே ‘பதறாம கிளம்பி வா’ என்றும் சொன்னால் வாசலில் பந்தல் போட்டு நாற்காலி இறக்கியாகிவிட்டது. இப்படி ஓர் அகராதியே வைத்திருந்தேன். கூட வேலை பார்க்கிற வடநாட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரிக்க வைத்தேனே தவிர எனக்கு அதில் கோபம்தான். பெரியப்பா இறந்தபோது எனக்குச் சொல்லப்பட்டது ‘காய்ச்சல் விடல’ என்பது மட்டும். நானும் நம்பினேன். பேருந்தில் வந்த ஏழு மணி நேரமும் தெரிந்த டாக்டர், தெரியாத டாக்டர் எல்லோரையும் பிடித்து, தஞ்சாவூரில் ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். குத்தாலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் பறைச் சத்தம். காதில் போனோடு நின்றவனை ஊரே பார்த்தது. போனில் ஒரு நர்ஸ், பேஷண்டை எப்போது கூட்டிவருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் சித்தப்பாவோடு சண்டை போட்டேன். அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர். எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். படித்தவனிடமாவது உண்மையைச் சொல்லக் கூடாதா, நான் என்ன குழந்தையா என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிடா, இனிமே உனக்கு உள்ளதை உள்ளபடி சொல்றேன்” என்றார். நான் அதை நம்பவில்லை. ஊர் வழக்கம் ஒருவன் கத்தியதற்காக மாறிவிடுமா என்ன.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அவருடைய அப்பா அடுத்தவர் பண்ணையில் வேலை செய்தவர். அப்பா கூலிக்குப் பூச்சிமருந்தடித்து, கதிர் அறுத்து, தன் பெயரில் ஒன்றரை ஏக்கர் வாங்கியவர். முதுகில் மருந்து டப்பாவோடு, வாயில் ஒரு துணிகூடக் கட்டாமல் அவர் வரப்பில் நடந்ததைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். போனில் அவருக்குப் பேசத் தெரியாது. “சாப்பிட்டியா?” என்பார். சாப்பிட்டேன் என்பேன். “அங்க மழையா?” என்பார். அதோடு போன் அம்மாவிடம் போய்விடும். பத்து வருடமாக அவர் என்னிடம் போனில் பேசியது மொத்தமும் இவ்வளவுதான்.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை ஆறரைக்குச் சித்தப்பா கூப்பிட்டார்.

“அண்ணன் சீரியஸா இருக்காருடா. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க, கொண்டாந்துட்டோம். உன்னைப் பாக்கணும்ங்கிறாரு. பதறாம கிளம்பி வா.”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சீரியஸ், வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம், பதறாம வா. மூன்றும் வந்துவிட்டன. ‘பாக்கணும்ங்கிறாரு’ என்பது என்னை உடையாமல் கொண்டுவந்து சேர்க்க அவர் போட்ட ஒட்டு என்று எடுத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கலாமா என ஒரு கணம் நினைத்தேன். அந்த மனுஷன் வாயாலேயே அதைச் சொல்லவைக்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன். “வர்றேன் சித்தப்பா” என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு நான் பதறவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. போனவர் போய்விட்டார், நாளைவரை ஐஸ் பெட்டியில் இருப்பார், ஓடி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அன்று எங்கள் குழுவின் மென்பொருள் வெளியாக வேண்டிய நாள். அப்பா இறந்துவிட்டார் என்று மேலாளருக்கு எழுதிவிட்டு, பாக்கி வேலையை இன்னொருவனுக்கு இரண்டரை மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

குத்தாலம் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் என் பள்ளிக்கூட நண்பன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர். அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த அப்பாவின் படத்தை அவனுக்கு அனுப்பினேன். வாசகம் நானே எழுதினேன். மறைந்த நாள் என்று அன்றைய தேதியைப் போடச் சொன்னேன். மகனே சொல்லும்போது அவன் ஏன் விசாரிக்கப்போகிறான்?

பதினோரு மணிக்கு டாக்சியில் கிளம்பினேன். ஒரு மணிக்குத் திண்டிவனத்தில் நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தேன். அங்கே போய்விட்டால் எடுக்கிறவரை சோறு கிடைக்காது என்று டிரைவரிடம் சொன்னேன். இலையில் கூட்டு வைக்கும்போது சித்தப்பாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. இப்போதெல்லாம் வரமுடியாதவர்களுக்கு உடலை வீடியோவில்தான் காட்டுகிறார்கள். அப்பாவை அப்படி ஒரு சின்னக் கண்ணாடியில் பார்க்க நான் தயாராக இல்லை, துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்து, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று தட்டி அனுப்பினேன். அதற்கு ஒரு குரல் பதிவு வந்தது. அம்மாவின் ஒப்பாரியாக இருக்கும் என்று பயந்து திறக்காமல் போனை அணைத்துவிட்டேன்.

விழுப்புரத்துக்கு அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தேன். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் இல்லை. நண்பன் ஏமாற்றிவிட்டான் என்று எரிச்சல் வந்தது. பந்தலுக்கு அப்போதுதான் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவைக் கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்து, “இப்பதான் வர்றியா தம்பி” என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, வெறும் கேள்விதான். குனிந்து அப்பாவின் நெஞ்சில் கை வைத்தேன். வேட்டிக்கு மேலே, விலாப் பக்கம், இன்னும் சூடு இருந்தது.

சித்தப்பாவைத் தேடிப் போய், எப்போது என்று கேட்டேன். “நாலு மணிக்கு” என்றார்.

அவர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். வைக்கோல் போரின் அடியில் கைவிட்டுச் சுருட்டிய ஃப்ளெக்ஸை இழுத்து என் காலடியில் வைத்தார். பன்னிரண்டரைக்கு மெடிக்கலுக்குப் போனவர் தெருமுனையில் அதைப் பார்த்திருக்கிறார். அவரே அவிழ்த்துக்கொண்டு வந்து ஒளித்திருக்கிறார்.

“அண்ணன் பாக்கல. அண்ணிக்கும் தெரியாது, யாருகிட்டயும் சொல்லிக்காத” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நீ கேட்டபடி உள்ளதைத்தானடா சொன்னேன்” என்றார்.

அவர் ஃப்ளெக்ஸைப் பாதி விரித்து, ஒட்டியிருந்த வைக்கோலைத் துண்டால் தட்டினார். “தேதி சரியாத்தான் இருக்கு, கட்டிடலாம்” என்றார். இரண்டு பேரும் போய் மின்கம்பத்தில் கட்டினோம். கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வேலையை நான் செய்தேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா பிறகு கேட்டாள். வழியெல்லாம் மழை, வண்டி ஓடவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ஊருக்குப் பாடம் எடுத்தவன் நான். இன்றுவரை அவளுக்கு அந்த மழைதான் காரணம்.

மறுநாள் எல்லாம் முடிந்து வாய்க்காலில் குளித்துவிட்டு வந்த பிறகுதான் போனில் அந்தக் குரல் பதிவைத் திறந்தேன். முதலில் சித்தப்பாவின் குரல். என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க, போனை எடுடா, உன் முகத்தைக் காட்டச் சொல்றாரு என்று அடக்கிய குரலில் சொல்கிறார். அவருக்குப் பின்னால், மூச்சு இழுத்து இழுத்து, அப்பா.

“விடு, வந்துகிட்டிருப்பான். தொந்தரவு பண்ணாத. சாப்பிட்டானான்னு மட்டும் கேளு.”

நான் சாப்பிட்டிருந்தேன்.