சிவப்பு உச்சித் தடிகள்

ஐம்பத்து மூன்று வயதில் ஓடத் தொடங்கியவனை, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் யாரும் சும்மா விடமாட்டார்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை செய்யும் உணவகத்தில், பரோட்டாவுக்கு மா பிசைகிறவன் கேட்டான்:

"அண்ணை, நாட்டிலை ஓடினது காணாதெண்டே பாலைவனத்துக்கும் டிக்கெட் போட்டிருக்கிறியள்?"

"அங்கை ஓடேக்கை ஒருத்தரும் பதக்கம் தரேல்லையடா," என்றேன்.

துபாயில் வேலை செய்யும் மகள்தான் அழைத்திருந்தாள். நகரத்துக்கு வெளியே, மான்களையும் செடிகளையும் பாதுகாக்கும் பாலைவனக் காப்பகத்தில் காலை ஓட்டம். பாதி தார் வீதி, மீதி மணல் பாதை. நான் கால்வாய்க் கரையால் புறநகரான பொபினி வரை ஓடிப் பழகியிருந்தேன். மணலைப் பற்றி எனக்கிருந்த ஒரே கவலை, அது சப்பாத்துக்குள் போகும் என்பது.

தார் வீதியில் நான் சிங்கம். தண்ணீர் கொடுத்தவர்களுக்கு அரசியல்வாதி மாதிரிக் கையசைத்தேன். வீதி முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் அந்தத் தடிகள் நின்றன. முழங்கால் உயரம், உச்சியில் சிவப்புப் பூச்சு.

கால்கள் நின்றுவிட்டன. என்னைக் கேட்கவே இல்லை.

வன்னியில் இடம்பெயர்ந்த நாட்களில், மிதிவெடிக்குப் பயந்து, முன்னால் போகிறவரின் தடத்தில் மட்டும் கால் வைத்து நடப்போம். ஒருநாள் எனக்கு முன்னால் போன சிநேகிதன் சிறுநீர் கழிக்க இரண்டடி விலகினான். "மற்றப் பக்கம் பாரடா, வெக்கமாக் கிடக்கு," என்றான். திரும்பிக்கொண்டேன். சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன். போர் முடிந்தபின் நான் திரும்பிப் போனபோது, மிதிவெடி அகற்றுகிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றி இதே மாதிரிச் சிவப்பு உச்சித் தடிகள் நட்டிருந்தார்கள்.

இப்போது, என்னோடு ஓட வந்த மகள் தடிகளைத் தாண்டி உள்ளே நின்று ஒரு மானைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதை! நிண்ட இடத்திலையே நில்!"

தன்னை அறுக்க வருகிறார்கள் என்று மான் நினைத்திருக்க வேண்டும். பாய்ந்து மறைந்தது.

"பப்பா, இது செடிகளுக்காகப் போட்ட எல்லை," என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள்.

அது எனக்கும் தெரியும். நின்ற இடத்திலேயே அறிவிப்புப் பலகையை வாசித்திருந்தேன். ஆனாலும் கத்தினேன்: "போன அடியிலையே கால் வைச்சுத் திரும்பி வா! பக்கத்திலை வைக்காதை!"

பின்னால் வந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர், எனக்கு இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்துவிட்டுப் போனார். எனக்கு அதை மெல்லக்கூட வரவில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் தடங்களிலேயே, ஒவ்வொன்றாக, பதினோரு அடி வைத்து வந்து சேர்ந்தாள். எண்ணிக்கொண்டு நின்றேன்.

"ஆருக்கப்பா நடந்தது?"

தமிழில் கேட்டாள். நான் தமிழில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள்.

ஒரு பகிடி தேடினேன். அகப்படவில்லை. பழத்தை விழுங்கிவிட்டு, இத்தனை வருடம் எங்கள் வீட்டில் சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னேன்.

அவள் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், கொஞ்சம் உச்சரிப்புப் பிழையோடு. பிறகு முன்னால் ஓடத் தொடங்கினாள். நான் அவள் தடத்தில் மட்டும் கால் வைத்து ஓடினேன். மணல் முடியும்வரை அவளுடைய ஒவ்வொரு அடியும் என் கால் எட்டும் தூரத்திலேயே விழுந்தது.