அழிக்கச் சொன்னால் அழிக்கிற டீச்சர்

ஜெசிந்தா டீச்சர் இறந்துவிட்ட செய்தி எனக்கு டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் வந்தது. பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டு, "சார், நம்ம ஜெசிந்தா டீச்சர் பூட்டாங்க சார். காலைல நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்கு இட்னு போறதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டான். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போன வாரம்தான் ஏதோ அற்ப விஷயத்துக்கு என்னோடு போனில் சண்டை பிடித்தார். அதை முடிக்காமலே போய்விட்டாரே என்று இருந்தது. ரிடையரான பிறகும் நாங்கள் சண்டையை விடவில்லை என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருவொற்றியூரில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் சமூக அறிவியல். யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் சில, உறை போட்டு ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தொடக்கூடாது. அந்த உறைகளைக் கழற்றியவர் ஜெசிந்தா டீச்சர்தான். சமூக அறிவியலுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டேன். "ஊரைப் பத்திப் பாடம் நடத்துறது நான்தானே சார்? ஊர்க்காரங்க பேசறதைப் புள்ளைங்க புடிச்சிக்கிட்டு வரட்டும்" என்றார்.

வாரத்துக்கு ஒரு பீரியட், ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் டேப் ரிக்கார்டரைப் பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அம்மா, மாமா, எதிர் வீட்டு லாரி டிரைவர் என்று யாரையாவது பேச வைத்துப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலை வயர் போட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, போட்டோக்களையும் தாங்கள் வரைந்த படங்களையும் ஸ்லைடுகளாகச் சேர்த்தால் ஒரு கதை தயார். முதல் கதைகள் கண்றாவியாக இருந்தன. எழுத்துகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வரும், ஸ்லைடுக்கு ஸ்லைடு கைதட்டல் ஒலிக்கும். டீச்சர் ஒன்று விடாமல் நீக்க வைத்தார். "கை தட்டறது பாக்கறவங்க வேலை, கம்ப்யூட்டர் வேலை இல்லை" என்பார்.

எங்கள் முதல் பெரிய சண்டை மொழியைப் பற்றியது. "இன்னா", "கீது" என்று பேசுவதை அப்படியே போட்டால் தமிழாசிரியன் என்று நான் எதற்கு என்று குதித்தேன். போதாததற்கு எல்லாப் பதிவிலும் கன்டெய்னர் லாரி இரைச்சல் வேறு. "லாரி சத்தம் இல்லாத நம்ம ஊரு எங்க இருக்கு சார்? இருந்துட்டுப் போவட்டும். பேச்சும் அவங்க பேச்சு, இருக்கட்டும்" என்றார். படத்துக்குக் கீழே எழுத்தில் போடுகிற வரிகள் மட்டும் நல்ல தமிழில் வரும் என்று சமாதானமானோம். அதில் நான் தோற்றுவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொன்னார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய வகுப்பில் அசைக்க முடியாத சட்டம் ஒன்று இருந்தது. யாருடைய கதையோ அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் வகுப்புக்கே காட்டலாம்.

தேவி என்ற மாணவி தன் அம்மாவின் கதையைச் செய்திருந்தாள். அந்த அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கிறவர். எழுத்து வரிகளைத் திருத்துவதற்காக நான் கேட்டவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. பள்ளியில் கண்காட்சி வைத்து, கல்வி அதிகாரி ஒருவரையும் அழைத்திருந்தார்கள். அதிகாரிக்குப் பிடித்தால் கம்ப்யூட்டர் பீரியட் தொடரும், இல்லாவிட்டால் அது கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாங்கள் தேவியின் கதையைத்தான் மலைபோல நம்பியிருந்தோம்.

அம்மாவுக்கு வேலை நாளில் பள்ளிக்கு வர முடியாது. எனவே கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு, கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினார் டீச்சர். தலைமையாசிரியரிடம் எப்படி அனுமதி வாங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மானிட்டரை ஒரு கையால் பிடித்தபடி அவர் வண்டியில் உட்கார்ந்து வர, தேவி வீடுவரை நான் சைக்கிளில் பின்னால் போனேன். தெருவே கூடிவிட்டது. டீச்சர் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். டி.வி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டோம்.

தேவியின் அம்மா முதலில் சிரித்தார். பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் அவர் என்ன சொல்லியிருந்தார் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

"இது நான் என் பொண்ணாண்ட சொன்னது டீச்சர். இத்தப் போயி ஸ்கூல்ல போட்டுக் காட்னா நான் எப்டி தெருவுல நடக்கறது? வோணாம், அழிச்சிடுங்க" என்றார்.

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாமே என்று நான் கெஞ்சினேன். தேவி அழ ஆரம்பித்தாள். டீச்சர் மௌஸை அவள் கையில் கொடுத்து, "அம்மா சொல்லிட்டாங்க. நீயே அழி" என்றார். அழித்தாள். "குப்பைத் தொட்டியையும் காலி பண்ணு" என்றார். கேசட்டை எடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்தார்.

"பூடுச்சா?" என்று கேட்டார் அம்மா.

"பூடுச்சும்மா."

திரும்பும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். ஒரு பிள்ளையின் உழைப்பும் போயிற்று, பீரியடும் போயிற்று என்றேன். "பீரியட் போனா வேற நேரம் புடிக்கலாம் சார். அந்தம்மா மூஞ்சில நாளைக்கு நான் முழிக்கணுமில்ல?" என்றார்.

கண்காட்சியில் அதிகாரி தேவியிடம், "உன் கதை எங்கேம்மா?" என்று கேட்டார். "எங்கம்மா வோணாம்னாங்க, அழிச்சிட்டோம் சார்" என்றாள் அவள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பீரியட் கணக்குக்குப் போனது. டீச்சர் மதிய இடைவேளையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு ஓடி வந்தார்கள்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. "அந்த டீச்சராண்ட தெகிரியமா பேசு, வோணாம்னா அழிச்சிருவாங்க" என்று தெருவில் பேச்சுப் பரவியது. அதுவரை மைக்கைக் கண்டாலே எழுந்து போன மணலி டாங்கர் லாரி டிரைவர் ஒருவர், தானே பள்ளிக்கு வந்து உட்கார்ந்தார். தேவியின் அம்மாவும் வந்தார். "வேற ஒண்ணு சொல்றேன், இத்த வோணா போட்டுக்கோங்க" என்றார். அதை ஆண்டு விழாவில் போட்டோம். தன் குரலைக் கேட்டு முன் வரிசையில் அவரே உரக்கச் சிரித்தார். நான் தோற்றது, அழித்ததற்காகப் போட்ட அந்தச் சண்டையில்தான், சந்தோஷமாகவே தோற்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய சட்டத்தை மட்டும்தான். இந்தக் கட்டுரையைத் தேவியின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். ஒரு பத்தியைத் தூக்கச் சொன்னார், தூக்கிவிட்டேன். டீச்சரின் தங்கைக்கும் படித்துக் காட்டினேன். அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை, அழுதார்.

ஆனால் இது ஜெசிந்தா டீச்சரின் கதை. அவருக்குக் காட்டாமலே வெளியே விடுகிறேன். டீச்சர், இதில் எதையாவது அழிக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். எதை என்றுதான் எனக்குத் தெரியவில்லை.