மில்காரம்மா கட்டிய பணம்

3 ஜனவரி 1987 – 250
4 ஏப்ரல் 1987 – 250
2 ஜூலை 1987 – 400
5 அக்டோபர் 1987 – 400
11 ஜனவரி 1988 – 6,000

நான் கணக்கு எழுதிய மாவு மில்லிலிருந்து ஆயுதக் குழுவுக்குப் போன தொகைகள் இவை. வாங்கிப் போக வருபவரை ரசீதுக்காரர் என்போம். குழுவின் செலவெல்லாம் எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விடிந்தது. கடைக்கு ஒரு தொகை, சாலைத் தடுப்பில் மூட்டைக்கு ஒரு தொகை, வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தனித் தொகை. எல்லாவற்றுக்கும் ‘விருப்ப நிதி’ என்று அச்சடித்த ரசீது உண்டு.

மில்காரம்மா கணவரை இழந்தவர். இரண்டு அரவை இயந்திரங்களையும் ஒரு பழைய லாரியையும் தனியாளாகக் கட்டிக்காத்தார். வாய் கொஞ்சம் நீளம். முதல் ரசீதை வாங்கியதும், “விருப்பம் இல்லேன்னா எங்க தம்பி கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

“அதுக்கு நாங்க ரசீது தர்றதில்லம்மா” என்றார் அவர், சிரிக்காமல்.

கடையின் தோற்றத்தைப் பார்த்துத்தான் தொகை போடுவார்கள். அதனால் எங்கள் தெருவில் யாரும் சுவருக்கு வண்ணம் அடிப்பதில்லை. பெயர்ப்பலகை கழன்று தொங்கினால் கடைக்காரருக்கு நிம்மதி. மில்காரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. 1987 டிசம்பரில் முகப்புக்குப் பளிச்சென்று நீலம் அடித்தார்.

“இதுக்குப் பதிலா எவ்வளவு தருவீங்கன்னு வாசல்ல எழுதியே ஒட்டிடலாமேக்கா” என்றார் பக்கத்து இரும்புக்கடைக்காரர்.

“நாளைக்கு அழுக்குக்கும் பணம் கேப்பான். அப்ப நீ என்ன செய்வே?”

ஜனவரி நாலாம் தேதி வந்த ரசீதுக்காரர் சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆறாயிரம் கேட்டார். அவ்வளவு முடியாது என்று மில்காரம்மா சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்து, மாவு ஏற்றிப் போன லாரியைத் தடுப்பில் நிறுத்தி, ஓட்டிய ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பணம் வந்தால் ஆள் வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். ஓட்டியவர் என் மாப்பிள்ளை. என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

மனைவியின் நகைகளை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில்காரம்மா அதைத் தொடக்கூட இல்லை.

“உங்க வீட்டு நகையைக் கேட்டா நான் சுவருக்கு வண்ணம் அடிச்சேன்? போய் மிஷின் வாங்க ஆள் பாருங்க, கணக்கரே.”

இரண்டில் நல்ல இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்றோம். பணத்தோடு அவரே தடுப்பை ஒட்டிய அவர்கள் அறைக்குப் போனார், கூடவே நானும். எண்ணிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வெளியே வந்து நின்ற பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“விருப்ப நிதிங்கறதை அடிச்சிடு தம்பி. ஆளைப் பிடிச்சு வெச்சு வாங்கினதுன்னு எழுது.”

அறையில் துப்பாக்கியோடு நான்கு பேர். ரசீதுக்காரர் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார். பிறகு அந்த இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டு, வேறு எதுவும் எழுதாமல் நீட்டினார்.

“வாங்கம்மா, போயிடலாம்” என்று மாப்பிள்ளை கெஞ்சிய பிறகுதான் எழுந்தார்.

மார்ச்சில் பேத்தி பிறந்தாள். தூக்கிக்கொள்ள அவளுக்கு அப்பா இருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நடந்த நல்லதெல்லாம் அந்த அம்மா போட்ட பிச்சை.

ஒற்றை இயந்திரத்தோடு மில் மூன்று வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது. பிறகு அதை மூடிவிட்டு மில்காரம்மா தன் மகள் இருந்த ஊருக்குப் போய்விட்டார். அந்த ஆறாயிரத்தை அடைக்க மாப்பிள்ளை தொடக்கத்திலிருந்தே மாதம் ஐம்பது கொடுத்துவந்தார். அந்த அம்மா ஊர் மாறியபின் மணியார்டர் அனுப்பினார். வேண்டாம் என்றால் இவர் மனம் கேட்காது என்று தெரிந்து, மில்காரம்மாவும் வாங்கிக்கொண்டார். நூறாவது மாதம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு எழுதினார்: “ஐயாயிரம் வந்துவிட்டது தம்பி. மீதி ஆயிரத்தை அனுப்பாதே. உன் மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் வா. நான் அவளைத் தூக்கி ஐந்து வருடம் ஆகிவிட்டது.”

எட்டு வயதுப் பெண்ணைத் தூக்க முடியுமா என்று வீட்டில் ஒரே சிரிப்பு. மறுநாளே எல்லோரும் பஸ் ஏறினோம். அதன்பின் மாதம் தவறாமல் போய்வந்ததால் கடிதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி 18 ஜூன் 1996.