சைக்கிள் ஸ்டாண்டில் கருவாட்டுக் குழம்பு

சிதம்பரத்தில் என் மகள் படிக்கிற கல்லூரியில் சமத்துவ விழா. அவரவர் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். நான் கடலூரில் மீன் விற்கிறவள். மறுநாள்தான் ருசி ஏறும் என்று முந்தின நாளே கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியோடு பஸ் ஏறினேன்.

பந்தலில் சட்டியைத் திறந்ததும் ஒரு வாத்தியார் வந்தார்.

“விருந்தாளிங்க வர்ற நேரம்மா. வாடை தூக்குது. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வச்சுக்குங்க.”

மகள் தலை குனிந்துகொண்டாள். “எடும்மா, அவுங்க சொல்றாங்கல்ல” என்றாள்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே, அதே கல்லூரியில் படிக்கிற மணிப்பூர்ப் பெண் ஒருத்தி தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்ததும் கருவாடுதான்.

“என்னையும் தொரத்திட்டாங்க ஆன்ட்டி” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள். என் குழம்பைச் சோற்றில் பிசைந்து, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள்.

“அடுத்த வருஷமும் இதே கொண்டாங்க.”

“கொண்டாறேன்மா” என்றேன். பந்தலில் எல்லாரும் சமம் என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் எங்கள் பக்கமே வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகள் மெதுவாகச் சொன்னாள்: “அடுத்த வருஷம் சாம்பார் வச்சிடலாம்மா.”

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்டி.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாத்தியார் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். மகள் சொன்னதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.