செல்வியின் பந்தலில் பன்னிரண்டாவது வரிசை: சுருளிப்பட்டி, மேகமலை, மூன்று நாள்

மாடியில் ஒரே தொட்டியில் மூன்றாவது தடவையாகத் தக்காளி வைத்து, மூன்றாவது தடவையும் அது முழங்கால் உயரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற வாரம்தான் செல்வியிடமிருந்து போன் வந்தது. மாசி மாதத் தொடக்கம். செல்வி திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் ராசுவோடு பன்னீர்த் திராட்சை போடுகிறாள். "ஞாயித்துக்கிழமை பந்தலைப் பிரிக்கப் போறாகடி. அதுக்குள்ள ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ" என்றாள். பத்து வருடமாக வருகிறேன் வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்தவளுக்கு வெட்கமாகிவிட்டது. மருந்துக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வியாழக்கிழமை கிளம்பினேன்.

காலை 5.20-க்கு திருச்சியில் பஸ். திண்டுக்கல்லில் இறங்கி, நின்றுகொண்டே ஒரு காபி குடித்து, தேனி பஸ் பிடித்தால் 10.40-க்கு தேனி. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 190 ரூபாய் ஆனது. தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணமில்லை. நான் பசியில் பொறுமையில்லாமல் ஆட்டோவுக்கு 180 கொடுத்தேன். நீங்கள் என்னைப் போல அவசரக்குடுக்கையாக இருக்க வேண்டாம்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகக் கல்லுக்கால் நட்டு, தலைக்கு மேலே கம்பி வலை பின்னி, அதுதான் பந்தல். ஒவ்வொரு கல்லுக்காலின் காலடியிலும் ஒரு குழி, குழியில் ஒரு கொடி. கொடி காலைப் பிடித்து ஏறி மேலே பரவும். கீழே இரண்டு வரிசைக்கு நடுவே நாம் நடக்கவும், சின்ன உழவு மெஷின் ஓடவும் பாதை. பந்தல் போடுவது வீடு கட்டுகிற மாதிரி செலவு. அதனால் கொடிக்கு வயதாகிப் பிடுங்கினாலும் யாரும் கல்லுக்காலை அசைப்பதில்லை. புதுக் கொடியைப் பழைய குழியிலேயே வைப்பார்கள். கம்பியும் கல்லும் இருக்கிற இடத்தில்தானே கொடியும் இருக்க வேண்டும்.

ராசு அண்ணனும் அப்படித்தான் செய்திருந்தார். பதினெட்டு வருடக் கொடிகளைப் போன வருடம் ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு, ஏழு மாதம் முன்பு அதே குழிகளில் புதுக் கொடி. இந்நேரம் பந்தலைத் தொட்டிருக்க வேண்டியவை, நான் பார்த்தவரை, இடுப்பைத் தாண்டவில்லை. இலை மஞ்சள், தண்டு பென்சில் கனம். எனக்கு என் தக்காளி ஞாபகம் வந்தது.

விஷயம் கொடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கன்றுக்கு வைத்த குச்சிகள் செல்வி தேர்ந்தெடுத்தவை. கவாத்து செய்யும்போது வெட்டி விழுந்ததில் நல்லதாகப் பொறுக்கி, பையில் வேர் பிடிக்க வைத்து, வாங்கிய கன்று வேண்டாம், என் கன்று போதும் என்று அடம் பிடித்து நட்டவள் அவள். இப்போது கொடி சொங்கியாய் நின்றதும் ராசு அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் என் முன்னாலேயே சொன்னார்.

"குச்சி சரியில்ல தங்கச்சி. எம்புட்டு உரம் போட்டாலும் குச்சி நோஞ்சான்னா என்ன செய்ய முடியும். கல்லுக்கால வித்துட்டு தென்னையப் போட்ருவோம்."

செல்வி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு கொல்லையில் என்னிடம் ஒரு சணல் சாக்கைக் கொடுத்தாள். "நாளைக்கு மேகமலை போறேல்ல, அங்கன காட்டு மரத்தடியில ஒரு சாக்கு மண்ணு அள்ளிட்டு வாடி. ரெண்டு குழியிலயாவது போட்டுப் பாக்குறேன்." அவளுடைய கடைசி நம்பிக்கை அந்தச் சாக்கில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 6.30-க்கு ஜீப். நாள் வாடகை 3,200, பெட்ரோல் உட்பட. டிரைவர் கண்ணன், சின்னமனூர்க்காரர். சின்னமனூரிலிருந்து மேகமலை என் போன் கணக்குப்படி 38 கிலோமீட்டர், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மணி நேரம் ஆனது. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் பெயர், வண்டி எண் எழுதிக்கொண்டார்கள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், இரண்டு இட்லியாவது போட்டுக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே தேயிலை. சீப்பால் வாரிவிட்டது போல ஒரே பச்சை. அழகுதான், ஆனால் பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. ஓரிடத்தில் கைவிட்ட தேயிலைத் துண்டு ஒன்று, பக்கத்திலேயே காடு. காடு ஏன் அந்த வெற்றிடத்துக்குள் வந்து உட்காரவில்லை? வேலியில்லை, வெட்ட ஆளில்லை. கண்ணனைக் கேட்டேன்.

"வரும்க்கா, ஆனா நிதானமாத்தேன் வரும். இம்புட்டு வருசமா தேயிலையே தின்ன மண்ணு. காட்டு மரத்துக்கு வேற ஆளுக வேணும் மண்ணுக்குள்ள." கொஞ்ச தூரம் போய் ஏலக்காய்த் தோட்டத்து ஓரம் ஒரு பெரிய பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். "இங்கன பாருங்க. இம்புட்டுப் பழம் விழுது. அடியில ஒரு பலாக்கன்னு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். வேறு என்னென்னவோ முளைத்திருந்தன. பலா இரண்டு இலையோடு மூன்று நான்கு முளைத்து, வாடி நின்றன. முப்பது தப்படி தள்ளி, யானை பழம் தின்று சாணம் போட்டுப்போன இடத்தில், தோள் உயரத்துக்கு இரண்டு கன்று கொழுகொழுவென்று.

"ஆத்தா காலடியில பிள்ள நிக்காதுக்கா. வெளிச்சம் இல்லன்னு சொல்வாக. ஆனா வெளிச்சம் விழுற பக்கத்துலயும் நிக்காது, நான் பாத்துருக்கேன்."

நான் சாக்கை எடுத்தேன். கண்ணன் முகம் மாறிவிட்டது. காட்டு மண்ணை எடுக்கக் கூடாது, கீழே சோதனையில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அவர் பிழைப்பு அது. அவர் சொன்னது நியாயம். சாக்கை மடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். எரிச்சல்தான், மறைக்க முடியவில்லை. இறங்கும்போது ஏரி, பனி, எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. செல்வியிடம் என்ன சொல்வது என்பதே மண்டைக்குள் ஓடியது.

வெறுஞ்சாக்கைக் கொடுத்ததும் "சரி விடு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினேன். மருந்துக்கடைக்காரிக்கு ஒரு பழக்கம், யார் வந்தாலும் எத்தனை நாளா, எங்கே வலி, எங்கே வலிக்கவில்லை என்று கேட்டுவிடுவேன். வலிக்கிற இடத்தை எல்லோரும் காட்டிவிட்டார்கள். வலிக்காத இடம் எது? மோட்டார் ரூம் ஓரம், பன்னிரண்டாவது வரிசை. அங்கே மட்டும் கொடிகள் பந்தலைத் தொட்டிருந்தன, இலை உள்ளங்கை அகலம்.

"அங்கன பைப்பு ஒழுகுது தங்கச்சி, தண்ணி கூட" என்றார் ராசு அண்ணன். ஒழுகுவது ஒரு முனையில். வரிசையின் மறுமுனையும் அதே பச்சை. "குச்சி வேறயா?" என்றேன். செல்வி சட்டென்று சொன்னாள், "இல்ல, எல்லாமே எங்குச்சிதான்." "பின்னே இந்த வரிசையில் என்ன வேறு?" ராசு அண்ணன் யோசித்துச் சொன்னார். ஜேசிபி பழைய கொடியைப் பிடுங்கும்போது அந்த வரிசைக் கல்லுக்கால்கள் உடைந்துவிட்டன. அடிக்கட்டை மண்ணுக்குள் மாட்டிக்கொண்டதால் புதுக் கால்களை நாலடி தள்ளி, முன்பு நடந்த பாதையில் நட்டார்கள். குழியும் அங்கேதான் புதிதாகத் தோண்டினார்கள்.

அதே குழி, புதுக் குழி. மேகமலையில் பார்த்த பலாக்கன்று! "அண்ணே, ரெண்டு செடிய மட்டும் தோண்டிப் பார்க்கலாமா?"

ஏழாவது வரிசையில் ஒன்று. வேர் முழுக்கக் கட்டி கட்டியாய் முடிச்சு, ஊசிமணி கோத்தது போல. பன்னிரண்டாவதில் ஓரம் மட்டும் தோண்டினோம். வேர் வெள்ளையாய், மெல்லியதாய் எல்லாப் பக்கமும் ஓடியிருந்தது. செல்வி இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் வேரை மட்டும் பார்த்தார். "மண்ணு பாக்குறவுக சொல்லட்டும்" என்றார். கல்லுக்கால் வாங்குகிறவரின் லாரி மறுநாள் காலை எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

மூன்று பேரும் ராசு அண்ணனின் ஆம்னி வேனில் பெரியகுளம் போனோம். தேனி தாண்டிப் பதினாறு கிலோமீட்டர், மொத்தம் ஒன்றரை மணி நேரம். அங்கே வீட்டோடு சேர்ந்த சின்ன அறையில் மண்ணும் வேரும் பார்த்துச் சொல்லும் ஒரு பெண் இருக்கிறார், செல்விக்குத் தெரிந்தவர். வேரைக் கீறி மைக்ராஸ்கோப்பில் வைத்து, முதலில் ராசு அண்ணனைத்தான் பார்க்கச் சொன்னார்.

"நெளியுதே" என்றார் அவர்.

நூற்புழு, வேருக்குள் புகுந்து சாறு உறிஞ்சுகிற நூல் போன்ற பொடிப் புழு. பயறு வேரில் வரும் முடிச்சு நல்லது, இது வேறு, கெட்டது என்றார் அந்தப் பெண். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செடி சும்மா நிற்பதில்லை. வேர் வழியாக எதையாவது கசியவிட்டு மண்ணுக்குள் தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்க்கிறது. உதவுகிற பூஞ்சையும் வரும், உறிஞ்சுகிற புழுவும் வரும். ஒரே செடி பதினெட்டு வருடம் நின்றால் அதைத் தின்னப் பழகியவைதான் பெருகும். பிறகு அந்த மண்தான் அடுத்து யார் பிழைப்பது என்று முடிவு செய்யும். வேறு செடிக்கு அது நல்ல மண்ணாகக்கூட இருக்கலாம், அதே செடியின் பிள்ளைக்குத்தான் ஆகாது.

காட்டு மண் போட்டிருந்தால்? சிரித்தார். "காட்டு மண்ணுல இருக்கறதுக காட்டு வேர நம்பி இருக்குறதுக. இங்க கொண்டாந்து விட்டா பட்டினி கெடந்து சாகும்." சாக்கு விஷயத்தில் என் மனம் அப்போதுதான் ஆறியது. ஒன்றையும் அவர் ஒளிக்கவில்லை. பன்னிரண்டாவது வரிசை போலப் பாதையில் தள்ளி நட்டால் தற்காலிகத் தப்பிப்புதான், சில வருடத்தில் அங்கேயும் இதே கூட்டம் சேரும். அதற்குள் பழைய வரிசைகளில் செண்டுப்பூவும் சணப்புப் பயிரும் மாற்றி மாற்றிப் போட்டு புழுவைக் குறைக்கச் சொன்னார்.

வாசலில் ராசு அண்ணன் தலையைச் சொறிந்தார். "பாதையில கொடிய வச்சா மெஷின் எதுல ஓடும்?"

"பழைய வரிசையில ஓட்டுங்க" என்றாள் செல்வி. "கம்பி மேல முழுக்க இருக்கு, கொடி எங்கிட்டு ஏறுனா என்ன. ஆளுக்கொரு மூங்கில் குச்சி நட்டா பிடிச்சு ஏறிட்டுப் போகுது."

ராசு அண்ணன் போனை எடுத்தார். கல்லுக்கால் வாங்குகிறவரைக் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு லாரி வேணாம். இல்லண்ணே, வெல பத்தி இல்ல." வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலே, "குச்சி மேல குத்தமில்ல" என்றார்.

"ஏழு மாசமா எங்குச்சியத்தான் வஞ்சீக" என்று சொல்லிவிட்டு செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, இல்லையென்று சொன்னால் பொய். பிறகு மூன்று பேரும் போய் மாங்காய் வாங்கி உப்புமிளகாய் தொட்டுத் தின்றோம். அன்று மாலை 4.15-க்கு தேனியில் பஸ் ஏறி, இரவுச் சாப்பாட்டுக்குத் திருச்சி.

போகிறவர்களுக்கு: மேகமலைக்குக் காலையிலேயே ஏறி வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிடுங்கள், சாவடி நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். தேயிலையை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு வராமல் ஒரு மரத்தடியில் குனிந்து, அங்கே யார் முளைத்திருக்கிறார்கள், யார் முளைக்கவில்லை என்று பாருங்கள். பை காலியாகவே திரும்பி வரட்டும். வீட்டில் தக்காளி வைத்த தொட்டியில் இந்த வருடம் வெங்காயம் போட்டிருக்கிறேன், மூஞ்சியைத் தூக்கவில்லை.

சுருளி அருவிக்குப் போகிற வழியில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறேன் என்று யாராவது செல்வியிடம் கேட்டால் கட்டாயம் உள்ளே விடுவாள். ஆனால் ஒன்று, பழைய ஞாபகத்தில் இரண்டு கல்லுக்கால் வரிசைக்கு நடுவே நடந்துவிடாதீர்கள். கால்களை ஒட்டி, செண்டுப்பூ ஓரமாக நடங்கள். நடுவில் அவளுடைய கன்றுகள் நிற்கின்றன.