வன்னியபெருமாளும் மணல்கோழியும்

மண்வெட்டியை முதலில் எங்கே போடுவது என்று வன்னியபெருமாள் அண்ணாச்சி சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து 1991-ல் மலையாளக் கரைக்குக் கட்டட வேலைக்கு வந்த மனிதருக்கு ஆறும் கடலும் எப்படிப் பிடிபட்டன என்பது எங்களுக்குப் புரியாத சங்கதி. கரமனையாறு கடலில் சேரும் வாயை வெயில்காலத்தில் மணல் வந்து அடைத்துவிடும். அந்த மணல்மேட்டைப் பொழி என்போம். மழையில் ஆறு நிரம்பும்போது பொழியை வெட்டித் திறக்காவிட்டால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதில் என் வீடும் ஒன்று. நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் எடை போடுகிறவன். வருஷா வருஷம் பொழி வெட்டும் அன்று லீவு போட்டுவிட்டு அண்ணாச்சி பின்னால் போவேன்.

2004 மார்ச்சில் ஸ்ரீகண்டன் சார் வந்தார். பாங்கு வேலை, கழுத்தில் பைனாகுலர். பொழி மணலில் ஒரு சின்னக் குருவி முட்டையிடுகிறது, மலையாளத்தில் மணல்கோழி என்று பெயர் என்றார். கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. அரிப்பைத் தடுக்கக் கல் போட்ட இடத்தில் மணலே இல்லை. குருவிக்கு மிச்சம் இருப்பது இந்தப் பொழிதான்.

"கோழியாம்! குழம்பு வச்சா ஒரு கரண்டி தேறாது சாரே" என்று அண்ணாச்சி சிரித்தார். அவரையே சார் காவலுக்குப் பிடித்துக்கொண்டார்.

சிரித்த மனிதர் இரண்டே வாரத்தில் மாறிப்போனார். முதல் கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டு முள் கட்டினார். அந்தக் குச்சியிலேயே ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, சாவகாசமாகப் பார்த்து, மூன்று முட்டைகளையும் தின்றுவிட்டுப் போனது. அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி மாடம்மாள் மதினி சொன்னார். அடுத்த கூட்டுக்குக் குச்சியும் வேண்டாம் முள்ளும் வேண்டாம் என்று தூரத்தில் குத்தவைத்தே காத்தார்.

ஜூனில் வரவேண்டிய மழை அந்த வருஷம் மே தொடக்கத்திலேயே கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் என் மனைவி கௌசல்யா அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். நாங்கள் பதினைந்து பேர் பொழிக்கு ஓடினோம். மணல் மிகக் குறுகலான இடத்தில் வெட்டுவதுதான் வழக்கம். கூடு அங்கேயேதான் இருந்தது.

"முட்டை விரிஞ்சு குஞ்சு வர இனி ரெண்டு மூணு நாளே உள்ளூன்னு சார் சொல்லியிருக்காரு. தெக்கே இருநூறு அடி தள்ளி வெட்டுவோம்" என்றார் அண்ணாச்சி.

"அங்க மணல் ரெண்டு மடங்கு அகலம் அண்ணாச்சி. வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது, உங்களுக்குக் குருவி பெருசாப் போச்சா?" என்றேன்.

"என் வீட்டுலயுந்தான் ஏறுது, நயினாரு."

வயிற்றெரிச்சலோடு தெற்கே போய் வெட்டினோம். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரம் இழுத்தது.

ஒரு முழம் மணல்தான் பாக்கி. அப்போது அந்தக் குருவி எங்கள் முன்னால் வந்து விழுந்தது. ஒரு சிறகு ஒடிந்தாற்போல் தொங்க, இழுத்து இழுத்து ஓடியது. பிடிக்கப் போனால் எழுந்து பறந்து, பத்தடி தள்ளி மறுபடியும் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இது நடிப்பு. முட்டைக்கோ குஞ்சுக்கோ பக்கத்துல போனாத்தான் நம்மள இழுத்துட்டுப் போக இப்படிச் செய்யும். கூடு அங்கன கெடக்கு, இங்கன வந்து எதுக்கு நடிக்குது?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கூட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

"கூடு காலி. காக்கா தின்னுச்சோ, பொரிச்சு நடந்து போச்சோ தெரியல. பொரிச்சா அன்னைக்கே கூட்டை விட்டு ஓடிரும்னு சார் சொன்னாரு. அப்படின்னா குஞ்சு இங்கனதான் எங்கயோ இருக்கு. வெட்டாதீங்க, நில்லுங்க."

"எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல. மணலும் அதும் ஒரே நிறம்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அதும் தெரியல."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அவருக்காக அல்லவா இங்கே வந்து வெட்டினோம்! எப்போதும் கடைசி வெட்டு அவருடையது. அன்று நான் போட்டேன். ஆறு ஒரே பாய்ச்சலில் கடலுக்குப் போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிந்தது. அண்ணாச்சி குஞ்சைத் தேடி, மணலைப் பார்த்துக் குனிந்தபடியே வடக்கே நடந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலைக்குள் என் வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. கௌசல்யா சந்தோஷமாகச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பொழிக்குப் போனேன். வடகரையில் அண்ணாச்சி குத்தவைத்திருந்தார். ராத்திரி தூங்கின கண் இல்லை.

"ஏதாவது மிஞ்சுச்சா அண்ணாச்சி?"

"குழப்பமா இருக்கு தம்பி. இந்தக் கரையில ஒரு குருவி செறகத் தொங்கப் போட்டு நடிக்குது. அந்தக் கரையில ஒரு ஆள் நடந்தான், அங்கயும் ஒண்ணு விழுந்து நடிச்சுது. ஆணு ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் குஞ்சு இருக்கா, இல்ல ஒண்ணு செத்தது தெரியாம நடிக்குதா? நான் எந்தக் கரையில நிக்கறது?"

கடலைப் பார்த்தபடி சொன்னார்: "நாய் ரெண்டு கரையிலயும் வருது. நீ அந்தக் கரைக்குப் போறியா?"

திருவல்லம் பாலம் சுற்றி அக்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. மண்டிக்கு லீவு சொல்லக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நாலடி நடந்தேன். ஒரு குருவி என் முன்னால் வந்து விழுந்து சிறகை இழுத்தது. எதிர்க்கரையிலிருந்து அண்ணாச்சி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். வா என்கிறாரா, நில் என்கிறாரா, தெரியவில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல், தூக்கிய காலோடு நின்றேன்.