மாமிக்கென்று போட்ட பாத்தி

என் மாமாவின் வாயில் எதுவும் நிற்காது என்று அம்மா சலித்துக்கொள்வார். அம்மாவின் தம்பியான அவர் வாழ்நாளில் காப்பாற்றியது ஒரே ஒரு இரகசியத்தைத்தான். அதையும் உளறித் தொலைத்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

ஜேர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த வருடம் அது. நாங்கள் பீலெஃபெல்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. மாமா செடிகள் விற்கும் பண்ணை ஒன்றில் வேலை செய்தார். நகரத்தின் ஓரத்தில் வாடகைக்கு ஒரு துண்டுத் தோட்டமும் எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பியவருக்கு, மாமியின் விசா மட்டும் வந்தபாடில்லை. காத்திருந்து களைத்தவர், மாமிக்கென்று ஒரு பூப்பாத்தி போடக் கிளம்பினார்.

செடி தெரிவு செய்ய என்னையும் கூட்டிப்போனார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். எல்லாம் வெயிலை விரும்ப வேண்டும், ஒன்று வாடும்போது அடுத்தது விரிய வேண்டும், ஒருமுறை வைத்தால் வருடா வருடம் தானே வர வேண்டும். ஏப்ரலுக்கு மெல்லிய மயிர் படர்ந்த ஊதா மணிப்பூ, அதன் பின்னால் ஒரு மஞ்சள் பூ, மே முடிவில் பியோனி. பியோனி என்பது இரண்டு கை கொள்ளாத இளஞ்சிவப்புப் பூ. அந்தக் கன்றைப் பாத்தியின் நடுவில் வைத்தார்.

“இதுக்கு வெயில் வேணும் பிள்ளை. நிழலிலை வைச்சால் வெறும் இலைதான், பூக்காது. மாமி வந்து, பூத்த பிறகு காணட்டும். மூச்சு விடாதை, என்ன?”

மாமி வந்தது மரங்களெல்லாம் இலை கொட்டிய பிறகு. பாத்தியில் காய்ந்த தண்டுகள்தான் நின்றன. குளிரில் மேல்பக்கம் கருகி, மண்ணுக்குள் உயிரை வைத்திருக்கும் செடிகளை அவர் எங்கே கண்டார்? அவரைப் பொறுத்தவரை காய்ந்தது என்றால் செத்தது. பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன்காரர்கள் தன் புருஷனைச் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாதே என்று, மாமா வேலைக்குப் போன ஒரு நாள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மாமா அங்கே போனபோது, பாத்தி வெறும் மண்ணாக இருந்தது. துண்டு துண்டாக வெட்டிய வேர்கள் குப்பைக் குழியில் கிடந்தன. மாமி ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. குளிர்காற்றால் என்று நினைத்தேன்.

“இஞ்சருங்கோ, செத்துப்போச்சுதெண்டு நினைச்சு நான்...”

மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். “ஓம், செத்ததுகள்தானே. வடிவாய்த் துப்புரவாக்கியிருக்கிறீர்.”

பஸ்ஸில் மாமி என் பக்கத்தில் இருந்தபோது, அவருடைய கோட்டுப் பைக்குள்ளிருந்து மரவள்ளிபோல் ஒரு கிழங்கு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்பு முளை. சமைக்கவா என்று கேட்டேன். சும்மா என்றார்.

அடுத்த வருடம் அந்தப் பாத்தியில் உருளைக்கிழங்கு போட்டார்கள். பிறகு வெங்காயம். பூச்செடி வைக்கலாம் என்று இருவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமா அன்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாமி அழுது தீர்த்திருப்பார். அடுத்த நாளே இருவருமாகப் போய் வேறு கன்று வாங்கியிருப்பார்கள். நல்ல மனிதர்கள் இப்படியும் வருடங்களை வீணாக்குவார்கள்.

அவர்கள் வீட்டுப் பல்கனி வடக்குப் பார்த்தது. வெயில் எட்டியும் பார்க்காது. அங்கே ஒரு பழைய வாளியில் மாமி ஒரு செடி வைத்திருந்தார். வசந்தம் வந்தால் சிவப்பாய் முளைக்கும், பளபளவென்று இலை விடும், அத்தோடு சரி. மாமி இல்லாத நேரங்களில் மாமா அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்.

ஒருநாள் அது என்ன செடி என்று அவரிடம் கேட்டேன்.

“தெரியாது பிள்ளை. மாமியின்ரை.”

செடிப் பண்ணையில் வேலை செய்யும் மாமாவுக்கும் தெரியாத செடி உண்டா என்று அன்று எனக்கு ஒரே ஆச்சரியம்.